முரசுக்குக் கால் கொடுத்த லுட்விக்

கல்யாண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியம் போவதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். ஊதுகிறவர்கள் நடுவே ஒருவர் தம் வயிற்றின்மேல் ஒரு பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு நடப்பார். அதன் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். ஆனால் அந்த டிரம்முக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். டும் என்று சொல்லும். சற்றுப் பொறுத்து மறுபடியும் டும் என்று சொல்லும். அந்த ஒரு சொல்லுக்காக ஓர் ஆள் முழுசாக அதனோடு கட்டுண்டு கிடக்கவேண்டும்.

அதே டிரம்மைச் சினிமாப் பாட்டுக் கச்சேரி மேடையில் பாருங்கள். அது தரையில் நிற்கிறது. வாசிப்பவர் அதன் பின்னே ஓர் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இரண்டு கைகளும் மற்ற டிரம்களிலும் பித்தளைத் தட்டுகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரிய டிரம்மை அவர் கையால் தொடுவதே இல்லை. வலது காலால் ஒரு மிதியை அழுத்துகிறார். டிரம் மெதுவாகப் பேசுகிறது; உரக்கப் பேசுகிறது; ஓட்டமாக ஓடுகிறது; திடீரென்று வாயை மூடிக்கொள்கிறது. நான்கு ஆள் செய்த வேலையை ஒருவர் செய்துவிடுகிறார்.

இந்த மிதியை நல்ல வேகத்துக்குக் கொண்டுவந்து, உலகம் முழுவதும் டிரம் வாசிப்பவர்களின் காலடியில் வைத்தவர் வில்லியம் எப். லுட்விக். அவருடைய குடும்பப் பெயர் இன்றும் லட்சக்கணக்கான டிரம்களின்மீது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரையே அவர் இழந்து தவித்த காலமும் உண்டு. விற்றுவிட்ட தம் பெயரை, பதினெட்டு ஆண்டு உழைத்து, விலை கொடுத்துத் திரும்ப வாங்கிய மனிதரின் கதை இது.

கப்பலேறி வந்த சிறுவன்

வில்லியம் லுட்விக் 1879ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்தார். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1887இல், குடும்பம் பிழைப்பைத் தேடிக் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. சிகாகோ நகரில் குடியேறியது. தகப்பனார் வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர். ஆகவே வீட்டில் சங்கீதத்துக்குப் பஞ்சமில்லை. பையனுக்கு மட்டும் டிரம்மின்மேல்தான் மனம் போயிற்று.

வாலிபனானதும் அதையே தொழிலாகக் கொண்டார். ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸ் கம்பெனியில் வாசித்தார். சக்கரச் செருப்புக் கட்டிக்கொண்டு ஜனங்கள் சுற்றிவரும் கூடங்களில் வாசித்தார். நாடகக் கொட்டகைகளில், மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்து வாசித்தார். இவருக்குத் தம்பி ஒருவர் இருந்தார். அவர் பெயர் தியோபால்டு. அவரும் டிரம் வாசிப்பவரே.

இரண்டு கையும் போதவில்லை

அந்தக் காலத்து நாடகக் கொட்டகைப் பள்ளத்தில் இடம் குறைவு. முதலாளிகளுக்கு மனமும் குறைவு. சிறிய டிரம்முக்கு ஓர் ஆள், பெரிய டிரம்முக்கு ஓர் ஆள், தட்டுக்கு ஓர் ஆள் என்று மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க அவர்கள் விரும்பவில்லை. ஒருவரே எல்லாவற்றையும் சமாளிக்கவேண்டியிருந்தது. பெரிய டிரம்மைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கையில் உள்ள குச்சியால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறுகணமே சிறிய டிரம்முக்கு ஓடிவர வேண்டும். கெட்டிக்காரர்கள் இதையும் செய்து காட்டினார்கள். ஆனால் மெல்லிய குச்சி பட்டால் பெரிய டிரம் சரியாக முழங்குமா? முழங்காது. பெரிய தோலுக்குப் பருத்த தலையுள்ள கோல் வேண்டும்.

காலால் அடிக்கும் யோசனை முன்பே சிலருக்குத் தோன்றியிருந்தது. அவர்கள் செய்த மிதிகளும் கடைகளில் கிடைத்தன. ஆனால் பெரும்பாலானவை கனமானவை. சிலவற்றில் அடிகோல் டிரம்மின் உச்சியிலிருந்து நீளமாகத் தொங்கும். காலை அழுத்தினால் அது ஊஞ்சல்போல் ஆடிவந்து தோலில் மோதும். மறுபடியும் ஆடித் திரும்பிப் போகும். மெதுவான நடைக்கு அது போதும். ஓட்டமான பாட்டு வந்தால் கோல் திரும்பி வருவதற்குள் பாட்டு தாண்டிப் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் ராக்டைம் என்னும் துள்ளல் இசை பரவியது. கறுப்பின மக்களிடையே பிறந்த இசை அது. ஜனங்கள் அதைக் கேட்டு மயங்கினார்கள். நாடகக் கொட்டகைகளிலும் அதுவே கேட்டது. பள்ளத்தில் உட்கார்ந்திருந்த வில்லியம் லுட்விக்கின் கால், பாட்டின் வேகத்தோடு போட்டி போட்டுத் தோற்றது. குற்றம் காலில் இல்லை, மிதியில்தான் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

மரத்தில் செய்த முதல் மிதி

அவர் பொறியியல் படித்தவர் அல்லர். ஆனாலும் மரத்துண்டுகளை எடுத்துச் செதுக்கத் தொடங்கினார். தொங்கும் கோல் வேண்டாம் என்று முடிவு செய்தார். டிரம்மின் கீழ் வளையத்தில் பற்றிக்கொள்ளும்படி சிறிய மிதி ஒன்றைச் செய்தார். அடிகோலும் குட்டையாகவே இருந்தது. குட்டையான கோலுக்குப் போய் வரும் தூரம் குறைவு அல்லவா? ஆகையால் வேகம் கூடிற்று. கால் விரல்களால் தட்டினாலே கோல் பாய்ந்தது. காலைத் தளர்த்தினால் திரும்பிக்கொண்டது.

தையல் மெஷினை மிதித்தவர்களுக்கு இந்த ரகசியம் சுலபமாக விளங்கும். பாதம் சிறிதளவே அசைகிறது; ஊசியோ பறக்கிறது.

வேகம் மட்டும் கிடைக்கவில்லை. குரலும் பெருகியது. மெல்ல மிதித்தால் மெல்லிய ஓசை. ஓங்கி மிதித்தால் முழக்கம். கோல் பட்டவுடன் விலகிவிட்டால் தோல் நீண்ட நேரம் ரீங்காரம் செய்யும். கோலைத் தோலின்மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டால் ஓசை சட்டென்று அடங்கும். இதெல்லாம் பாதத்தின் ஆளுகைக்குள் வந்தது. போதாததற்கு, டிரம்மின் விளிம்பில் ஒரு சிறிய பித்தளைத் தட்டையும் பொருத்தி, அதே மிதி இரண்டையும் ஒருசேரத் தட்டும்படியும் செய்யலாம். வேண்டாதபோது தட்டை விட்டுவிட்டு டிரம்மை மட்டும் அடிக்கலாம். டும் என்ற ஒரே சொல்லைத் தெரிந்துவைத்திருந்த டிரம், பல சொற்கள் பேசக் கற்றுக்கொண்டது.

அக்கம்பக்கத்து டிரம்காரர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். 1909இல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து லுட்விக் அண்ட் லுட்விக் என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். மைத்துனர் ராபர்ட் டான்லி இயந்திர வேலை அறிந்தவர். மிதியை உலோகத்தில் செய்வதற்கு அவருடைய அறிவு பயன்பட்டது. தொழில் தொடங்கிவிட்டோமே என்று வில்லியம் வாத்தியத்தை விட்டுவிடவில்லை. வாசித்துச் சம்பாதித்தார், பட்டறையையும் கவனித்தார்.

கொப்பரை முரசின் தொல்லை

சிம்பனி என்னும் பெரிய வாத்தியக் கோஷ்டியில் வேறொரு வகை முரசு உண்டு. அதற்கு டிம்பனி என்று பெயர். பெரிய செம்புக் கொப்பரையின் வாயில் தோலைக் கட்டியதுபோல இருக்கும். சாதாரணப் பெரிய டிரம்முக்குச் சுருதி கிடையாது. டிம்பனிக்குச் சுருதி உண்டு. குறித்த ஸ்வரத்தில் அதைச் சேர்த்துவைத்துத்தான் அடிக்க வேண்டும்.

நம் மிருதங்க வித்துவான்கள் கச்சேரி தொடங்குமுன் கல்லாலும் சிறு கட்டையாலும் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். இடது பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, ஓசையைக் கனமாக்கிக்கொள்வார்கள். அப்படிச் சேர்த்த சுருதி ஒரு பாட்டகருக்குக் கச்சேரி முழுவதும் போதும். டிம்பனிக்காரர் பாடு அப்படி அல்ல. மேல்நாட்டு இசை நடுநடுவே ஆதார ஸ்வரத்தை மாற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முரசைச் சுற்றியுள்ள ஆறு, எட்டுத் திருகாணிகளைக் கையால் திருகி, காதைத் தோலோடு வைத்துக் கேட்டு, மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். சுற்றிலும் மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

வில்லியம் லுட்விக் பிட்ஸ்பர்க் சிம்பனியிலும், பிறகு சிகாகோவின் ஆப்பரா வாத்தியக் கோஷ்டியிலும் டிம்பனி வாசித்தார். ஆப்பராவில் ஸ்வரமாற்றங்கள் அதிகம். கை திருகாணியில் இருந்தால் குச்சியை யார் பிடிப்பது? பழைய கஷ்டமே புதிய உருவத்தில் வந்து நின்றது. அவருக்குப் பழைய விடையே நினைவுக்கு வந்தது. கையின் வேலையைக் காலுக்குக் கொடுக்க வேண்டும்.

மிதியால் சுருதி மாற்றும் டிம்பனி, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் 1881ஆம் ஆண்டிலேயே உண்டாகியிருந்தது. ஆனால் அது மிகக் கனமானது. ஊர் விட்டு ஊர் போகும் கோஷ்டிகளுக்கு உதவாது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய ஒன்றைச் செய்ய லுட்விக் முயன்றார். முதலில் தண்ணீர்க் குழாய் முறையைக் கையாண்டார். மிதியை அழுத்தினால் திரவம் குழாய்க்குள் தள்ளப்படும். கொப்பரைக்குள் தோலின் அடியில் உள்ள ரப்பர்க் குழாய் பருக்கும். அது தோலை மேலே தள்ளி இறுக்கும். இறுக இறுகச் சுருதி ஏறும்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் இறுகிய தோலின் எதிர்ப்புச் சாமானியமானதல்ல. அதைத் திரவத்தால் தள்ளுவது பெருந்தொல்லையாக முடிந்தது. அவர் மனம் சோரவில்லை. திரவத்தை விட்டுவிட்டு, கம்பிக் கயிறுகளால் இழுக்கும் முறைக்கு வந்தார். பின்னர் மிதியின் கீழ் வலுவான வில் சுருளை வைத்தார்கள். தோல் ஒரு பக்கம் இழுக்கும். வில் மறுபக்கம் இழுக்கும். இரண்டும் தராசின் இரு தட்டுகள்போலச் சமமாக நிற்கும். பாதத்தை எடுத்துவிட்டாலும் மிதி வைத்த இடத்திலேயே நிற்கும், சுருதி கலையாது. இப்படியாக ஒரே கொப்பரை, ஒரே கணத்தில், சட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை எந்த ஸ்வரத்தையும் பேச முடிந்தது.

தம்பி மறைந்தார்

முதல் உலக யுத்தம் வந்தது. பட்டாளத்துக்கு டிரம்கள் தேவைப்பட்டன. லுட்விக் சகோதரர்களுக்கு வேலை மும்முரமாயிற்று. அந்தச் சமயத்தில் 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் உலகத்தையே உலுக்கியது. யுத்தத்தில் மாண்டவர்களைவிட அந்தக் காய்ச்சலில் மாண்டவர்கள் அதிகம். தம்பி தியோபால்டும் அதற்கு இரையானார். கம்பெனியின் பெயரில் இரண்டு லுட்விக்குகள் இருந்தார்கள். வேலைக்கு இனி ஒருவரே மிஞ்சினார். அண்ணன் பெயரை மாற்றவில்லை. இரண்டு லுட்விக்குகளும் பெயர்ப்பலகையில் அப்படியே இருந்தார்கள்.

அடுத்த பத்து ஆண்டுகள் செழிப்பான ஆண்டுகள். அப்போது சினிமா ஊமையாக இருந்தது. திரையில் படம் ஓடும்போது கொட்டகையில் வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். குதிரை ஓடினால் டிரம்காரர் கொட்டாங்கச்சிகளைத் தட்டிக் குளம்போசை எழுப்புவார். ரயில் வந்தால் ரயிலைப்போல ஊதுவார். இடி இடித்தால் பெரிய டிரம் உருளும். தோல் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும் அல்லவா? அதற்காகப் பெரிய டிரம்முக்குள் மின்சார விளக்கை ஏற்றி உலர்த்தினார்கள். வெளித்தோலில் ஏரியும் மலையுமாக வண்ணப்படம் தீட்டினார்கள். உள்ளே விளக்கு எரிந்தால் படம் ஒளிவிடும். இந்தச் சாமான்களை லுட்விக் தொழிற்சாலை நாடு முழுவதும் விற்றது.

பேசும் படம் வந்தது, வேலை போயிற்று

1927இல் ஊமைப் படம் பேசத் தொடங்கியது. ஜனங்கள் மகிழ்ந்தார்கள். கொட்டகை வாத்தியக்காரர்களின் வீட்டிலோ அடுப்பு அணைந்தது. படமே பாடுகிறபோது அவர்கள் எதற்கு? ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். வேலையில்லாதவன் புது டிரம் வாங்குவானா? பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியத்திலும் லுட்விக் நிறையப் பணம் போட்டிருந்தார். அந்த மோகமும் அடங்கிவிட்டது.

1929இல் அவர் தம் கம்பெனியைக் கான் என்ற பெரிய வாத்தியக் கம்பெனியோடு சேர்த்துவிட்டார். தொழிற்சாலை சிகாகோவை விட்டு எல்க்கார்ட் என்ற ஊருக்குப் போயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவின் பங்குச் சந்தை சரிந்தது. நாடு முழுவதும் பஞ்சம் சூழ்ந்தது. லுட்விக் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தார். டிரம்மின்மேல் இருந்த பெயர் அவருடையது, டிரம் அவருடையதல்ல. எந்த டிரம்மைச் செய்வது, எப்படிச் செய்வது என்று முடிவு செய்பவர்கள் வேறு பேர்.

ஏழு ஆண்டுகள் பொறுத்தார். 1936இல் வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 57. மற்றவர்கள் பேரன் பேத்திகளைக் கொஞ்சிக்கொண்டு ஓய்வெடுக்கும் வயது. அவரோ மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1937இல் சிகாகோவில் ஒரு கட்டடத்தை வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

பெயரில்லாத கம்பெனி

இங்கேதான் ஒரு பெரிய முட்டுக்கட்டை. லுட்விக் என்ற பெயரும் விற்ற சொத்தோடு போய்விட்டது. அதை டிரம்மில் எழுதும் உரிமை கான் கம்பெனிக்கே உண்டு. தகப்பன் வைத்த பெயர், சாகும்வரை தம்பியோடு பகிர்ந்துகொண்ட பெயர். அதைத் தாம் செய்த பொருளின்மேல் தாமே எழுதக் கூடாது. வேறு வழியின்றித் தம் பெயரின் மூன்று முதல் எழுத்துக்களை மட்டும் எடுத்துக்கொண்டார். டபிள்யூ.எப்.எல். டிரம் கம்பெனி என்று பலகை மாட்டினார்.

பெயர் போனாலும் கை போகவில்லை. அவர் வாழ்க்கையைத் தொடங்கிவைத்தது ஒரு மிதி. இரண்டாம் வாழ்க்கையையும் ஒரு மிதியைக் கொண்டே தொடங்கினார். ஸ்பீட் கிங் என்று அதற்குப் பெயர். வேகத்துக்கு ராஜா என்று பொருள். வெளியே தெரியும் வில் சுருளை மாற்றி, இரு பக்கக் கால்களுக்குள்ளேயே மறைத்துவைத்தார்கள். மிதி இலகுவாகப் பாய்ந்தது. நடனக் கூடங்களில் ஸ்விங் இசை கொடிகட்டிப் பறந்த காலம் அது. டிரம்காரர்கள் ஸ்பீட் கிங்கைத் தேடி வாங்கினார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் மறுபடியும் சோதித்தது. இரும்பும் பித்தளையும் துப்பாக்கிக்குத் தேவைப்பட்டன. ஒரு வாத்தியத்தின் எடையில் 10 சதவீதத்துக்குமேல் உலோகம் இருக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவிட்டது. உலோகம் இருந்த இடங்களில் மரத்தை வைத்து டிரம்களைச் செய்தார்கள். கம்பெனி மூச்சைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது.

1955இல் கான் கம்பெனி டிரம் தொழிலை விட்டு விலகியது. லுட்விக் என்ற பெயரை விலைக்குக் கொடுக்க முன்வந்தது. தந்தையும் மகனும் அதை வாங்கினார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் வீட்டை விற்று மீட்டிருக்கிறார்கள், நிலத்தை விற்று மீட்டிருக்கிறார்கள். லுட்விக் தம் சொந்தப் பெயரை மீட்டார். அப்போது அவருக்கு வயது 75ஐத் தாண்டியிருந்தது.

ஏழு கோடி கண்கள்

கதை அதோடு முடிந்திருந்தாலும் திருப்தியான முடிவே. ஆனால் காலம் இன்னொரு பரிசை வைத்திருந்தது.

1963இல் இங்கிலாந்தில் பீட்டில்ஸ் என்னும் நான்கு இளைஞர்களின் பாட்டுக் கோஷ்டி பெயர் பெற்று வந்தது. அதில் டிரம் வாசித்த ரிங்கோ ஸ்டார், லண்டனில் ஒரு கடையில் லுட்விக் டிரம்களை வாங்கினார். பெரிய டிரம்மின் முகத்தோலில் கோஷ்டியின் பெயரோடு லுட்விக் என்ற பெயரும் எழுதப்பட்டது. பிறகு அவர்கள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். 1964 பிப்ரவரி 9ஆம் தேதி இரவு, எட் சல்லிவன் டெலிவிஷன் நிகழ்ச்சியில் வாசித்தார்கள். சுமார் 7 கோடி 30 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள்.

அத்தனை பேர் கண்களுக்கும் எதிரே, நடுநாயகமாக, ஒரு பெரிய டிரம் நின்றது. அதன் நெற்றியில் லுட்விக் என்ற பெயர். விளம்பரத்துக்காகக் கொடுத்த காசல்ல அது. தானாக வந்த மரியாதை. மறுநாள் முதல் அமெரிக்கச் சிறுவர்கள் கடைகளில் அந்த டிரம்மையே கேட்டார்கள். சிகாகோ தொழிற்சாலை இரவும் பகலும் ஓடியது. மரத்தைச் செதுக்கி மிதி செய்தவருக்கு அப்போது வயது 84. பார்க்கும் பாக்கியம் அவருக்கு இருந்தது.

வில்லியம் எப். லுட்விக் 1973இல் காலமானார். 1981இல் குடும்பத்தார் கம்பெனியை விற்றுவிட்டார்கள். பெயர் மட்டும் டிரம்களின்மேல் நிலைத்துவிட்டது.

அவர் புதிய வாத்தியம் எதையும் படைக்கவில்லை. முன்பே இருந்த டிரம்மை எடுத்துக்கொண்டார். அதற்கு என்ன குறை என்று, அதை வாசித்துச் சோறு தின்ற ஒருவர் என்ற முறையில், அவருக்குத் தெரிந்திருந்தது. கைக்கு எட்டாததைக் காலுக்கு எட்டவைத்தார். இனி ஏதாவது ஒரு கச்சேரியில் டிரம் அதிரும்போது, வாசிப்பவரின் கைகளைப் பார்த்து வியப்பதோடு நின்றுவிட வேண்டாம். சற்றுக் குனிந்து அவர் காலடியையும் பார்க்கலாம். அங்கே ஒரு சிறிய மிதி, யாருக்கும் தெரியாமல், ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கும்.